பூவா தலையா போட்டுக் கொடுத்த உதவி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்கள் கேம்பிரிட்ஜும் சோமர்வில்லும். 1939இல் அங்கே தொடங்கிய ஒரு சிறுவர் நலத் திட்டத்தில் யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்பதைப் பூவா தலையா போட்டு முடிவு செய்தார்கள். திட்டத்தை வகுத்த ரிச்சர்ட் கிளார்க் கேபட் ஒரு மருத்துவர். 1905இலேயே பாஸ்டன் நகரப் பெரிய மருத்துவமனை ஒன்றில், நோயாளியின் வீட்டு நிலைமையையும் விசாரிக்கச் சமூகப் பணியாளரை அமர்த்தியவர். 1931இல் சமூகப் பணியாளர்களின் தேசிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது, செய்யும் வேலைக்குப் பலன் உண்டா என்று அளந்து பாருங்கள் என அவர்களிடமே வற்புறுத்தினார். அந்தப் பேச்சைச் செயலாக்கியதுதான் இந்தத் திட்டம். வயதிலும் குடும்பச் சூழலிலும் சுபாவத்திலும் ஒத்த சிறுவர்களை இருவர் இருவராக ஜோடி சேர்த்தார்கள். நாணயம் சுண்டி ஒருவனைத் திட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள். மற்றவனை அவன் போக்கில் விட்டார்கள். சேர்ந்த பையனின் வீட்டுக்கு ஆலோசகர் சராசரியாக மாதம் இரண்டு முறை போய்வந்தார். சராசரியாக ஐந்தரை ஆண்டுகள் இது நடந்தது. படிப்பு வராதவனுக்குத் தனிப்பாடம், நோயாளிக்கு வைத்தியம், பலருக்குக் கோடை முகாம். 1945இல் திட்டம் முடிந்தபோது கணக்கில் நின்றவர்கள் பக்கத்துக்கு 253 பேர், ஆக 506 பேர். தொடங்கிய ஆண்டிலேயே இறந்துவிட்ட கேபட் முடிவைப் பார்க்கவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து, ஜோன் மக்கோர்ட் என்ற ஆய்வாளர் அந்தப் பையன்களை நடுவயது ஆண்களாகத் தேடிப் பிடித்தார். திட்டம் உங்களுக்கு உதவியதா என்று கேட்டதற்கு, பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். சிலர் தங்கள் ஆலோசகரைப் பாசத்தோடு நினைவுகூர்ந்தார்கள். சாதாரண மதிப்பீடு என்றால் இங்கேயே முடிந்திருக்கும். நன்றிக் கடிதங்களோடு ஆண்டறிக்கை அச்சேறியிருக்கும். மக்கோர்ட் நீதிமன்றப் பதிவுகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் இருதரப்புக்கும் சேர்த்தே புரட்டினார். 1978இல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. திட்டம் குற்றத்தைக் குறைத்ததற்குத் தடயமே இல்லை. ஒரு முறைக்கு மேல் குற்றம் செய்தவர்கள், குடிநோயின் அறிகுறி காட்டியவர்கள், கடும் மனநோய்க்கு ஆளானவர்கள், இளவயதில் இறந்தவர்கள் என்று பார்த்தால், உதவி பெற்ற பக்கம்தான் மோசமாக இருந்தது.

நன்றி சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது தாங்கள் வாழ்ந்த ஒரு வாழ்க்கை மட்டும். ஆலோசகர் வராமல் இருந்திருந்தால் எப்படி வளர்ந்திருப்போம் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஆலோசகருக்கும் இதே கதிதான். முரட்டுப் பையன் ஒருவன் பதினெட்டு வயதில் வேலைக்குப் போனால், தன் உழைப்பு வீண்போகவில்லை என்று அவர் மகிழ்வது இயல்பு. ஆனால் முரட்டுப் பையன்களில் பலர் யாரும் தலையிடாமலே வளர்ந்து அடங்கிவிடுகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதர்கள் உதவி தேடுவதும் உதவி அவர்களைத் தேடி வருவதும் பெரும்பாலும் நிலைமை அடிமட்டத்தில் இருக்கும்போது. அதற்குப் பிறகு எது செய்தாலும், எதுவுமே செய்யாவிட்டாலும்கூட, கொஞ்சம் தேறத்தான் செய்யும். சளி பிடித்த மூன்றாம் நாள் குடித்த கஷாயத்துக்குக் கிடைக்கும் பெயர் மாதிரிதான் இது. முன்பு, பின்பு என்று இரண்டு படங்களை ஒட்டிக் காட்டும் அறிக்கைகள் எதையும் நிரூபிக்காமல் போவது இதனால்தான். அந்த ‘இல்லாதிருந்தால்’ என்பதைக் கண்ணுக்குக் காட்டியது நாணயத்தின் மறுபக்கம் விழுந்த 253 பேர்.

உதவி தேவைப்படும் குழந்தைக்கு அதை மறுத்துவிட்டு ஆராய்ச்சி செய்வது அறமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பசித்தவனுக்குச் சோறு போடுவதா வேண்டாமா என்று சீட்டுக் குலுக்கக் கூடாது. சோற்றின் பலனில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஐந்தாண்டு வீடு தேடி வரும் அறிவுரை அப்படிப்பட்டதல்ல. அதன் பலன் தெரியாது. எல்லோருக்கும் கொடுக்க ஆளும் பணமும் கிடையாது. அப்படியிருக்க, சிபாரிசைவிட நாணயம் நேர்மையானது. இந்தக் கதையில் மறுக்கப்பட்டவன்தான் தப்பித்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மனித வாழ்க்கையை எண்ணில் அடக்க முடியாது என்பது அடுத்த ஆட்சேபம். முழுக்க அடக்க முடியாதுதான். ஆனால் சிறைக்குப் போனது, செத்தது இரண்டும் எண்ணக் கூடியவை.

எண்கள் சொல்லாததும் இருக்கிறது. கெடுதல் நடந்தது என்று ஒப்பீடு காட்டியது. எதனால் என்று காட்டவில்லை. அதற்கு, ஆலோசகர்கள் அந்தக் காலத்தில் பொறுமையாக எழுதிவைத்த வீட்டுக் குறிப்புகளுக்குத்தான் போக வேண்டியிருந்தது. கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது பின்னால் தெரிந்தது. சேட்டைக்காரப் பையன்களை ஒரே இடத்தில் கூட்டினால், ஒருவன் வீரப்பிரதாபத்துக்கு மற்றவன் கைதட்டுவான். கெட்டது அங்கேதான் வளர்ந்திருக்கும் என்பது ஒரு விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் யாரை முகாமுக்கு அனுப்புவது என்பதை நாணயம் தீர்மானிக்கவில்லை. அதனால் முதல் முடிவுக்குள்ள பலம் இந்த விளக்கத்துக்கு இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே உறுதியோடு சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

மக்கோர்டின் முடிவு வெளியான அதே 1978இல் இன்னொரு உதவி அமெரிக்காவில் புகழ்பெற்றது. நியூ ஜெர்சியின் ராவே சிறையில், ஆயுள் கைதிகள் சிறுவர்களைக் கூட்டிவைத்துக் கத்தி மிரட்டுவார்கள். பயந்த பிள்ளை திருந்திவிடும் என்பது கணக்கு. அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. பின்னர், சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த பிள்ளைகளே மற்றவர்களைவிட அதிகம் குற்றம் செய்திருந்தது தெரிந்தது. அந்தத் தொகுப்பு 2002இல் வெளியானது. 2011இல் அதே மிரட்டல் ஒரு தொலைக்காட்சித் தொடராகத் திரும்ப வந்து, பல ஆண்டுகள் ஓடியது.