பட்டறையில் ஓர் இடம்

கண்டி வீதியாற் செல்வோர் முறிகண்டியில் வண்டியை நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வறுத்த கச்சானும் வாங்கிக்கொண்டு செல்வது நெடுங்கால வழக்கம். கச்சானை உடைத்துக் கொறிப்பதில் ஓர் இன்பம் உண்டு. விதைக்கென ஒரு மூட்டைக் கச்சானை உடைக்க நேர்ந்தவர்க்கு அந்த இன்பம் இல்லை. விதைப் பருப்புப் பிளவுபடலாகாது, பிளந்தால் முளையாது. ஆகவே விரலாலேயே ஒவ்வொன்றாக உடைக்கின்றனர். மாலையில் விரல்நுனி எரியும்.

முறிகண்டிக்கு வடக்கே சிறிது தூரத்தில் அறிவியல் நகர் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 இல் அங்கே தொடங்கிற்று. விவசாய பீடமும் அயலில் உளது. தொழினுட்ப பீடம் 2016 இல் வந்தது. அதே ஆண்டில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் திறக்கப்பெற்றது. பயிரை அறிந்தவர், பொறியைக் கணிப்பவர், இரும்பை வெட்டி ஒட்டுபவர் ஆகிய மூவகையினரும் ஒருவரையொருவர் சைக்கிளிற் சென்று காணத்தக்க தூரத்தில் இருக்கின்றனர். இவ்வாய்ப்பு எல்லா ஊருக்கும் கிட்டுவதன்று.

அங்குப் பயிலும் மாணவி ஒருத்திக்குக் கச்சான் உடைக்கும் பொறியொன்று செய்ய வேண்டும் என்று தோன்றுவதாகக் கொள்வோம். புதிதன்று அந்த எண்ணம். 2001 ஆம் ஆண்டில் ஜொக் பிராண்டிஸ் என்பவர் ஆபிரிக்காவின் மாலி நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பெண்கள் இவ்வாறே வருந்துவதைக் கண்டார். அதன் விளைவாகப் பிறந்தது சிமெந்தால் வார்த்த ஒரு கைப்பொறி. கூம்பு வடிவான உருளையொன்று அதே வடிவான உறையினுட் சுழலும். இரண்டிற்கும் நடுவேயுள்ள இடைவெளி மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். உள்ளே விழும் கச்சான் தன் பருமனுக்கேற்ற இடத்தில் அகப்பட்டு உடையும். கேட்பதற்கு எளிதுதான். ஆயினும் இடைவெளி சற்றுக் குறைந்தாற் பருப்பு நொறுங்கும். சற்று மிகுந்தாற் கோது உடையாமலே கீழிறங்கும். நம்மூர்க் கச்சானுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கு ஓரளவே சொல்லும். எஞ்சியதை வார்த்துப் பார்த்து, உடைத்தெறிந்து, மீண்டும் வார்த்தே அறிய வேண்டும்.

இங்கேதான் சிக்கல். மாணவர்க்குச் செய்முறை வகுப்பு உண்டு. ஆனால் செய்முறை வகுப்பில் விடை முன்னமே ஆசிரியரின் குறிப்பேட்டில் இருக்கிறது. தவறிய முன்மாதிரி மூன்றைச் செய்வதற்கு நேர அட்டவணையில் இடமில்லை. தந்தையார் கராச்சு வைத்திருப்பவராயின் வீட்டிற் செய்துகொள்ளலாம். கமக்காரரின் மகள் என் செய்வாள்?

உலகில் இதற்கு விடை கண்டோர் உளர். மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பேராசிரியர் நீல் கேர்சன்பெல்ட், ஏறத்தாழ எதனையும் ஆக்குவது எப்படி என்னும் பொருளில் 1998 இல் ஒரு பாடத்தைத் தொடங்கினார். அவ்வழி வந்த ஆக்கக்கூடங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று 2002 இல் அமைந்தது மகாராட்டிரத்துப் பாபல் என்னும் சிற்றூரில். கலாநிதி கல்பாக் 1983 இல் நிறுவிய விஞ்ஞான ஆசிரமத்தில். சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் 1981 ஆம் ஆண்டு அணியினர் வழங்கிய நிதியைக்கொண்டு 2008 இல் எழுந்த புத்தாக்க நடுவத்தை மாணவரே நடத்துகின்றனர். முப்பரிமாண அச்சுப்பொறி, லேசர் வெட்டுப்பொறி என்பன இக்கூடங்களில் உண்டு. நான் பெரிதாக மதிப்பது அவற்றையல்ல. பாடத்திட்டத்திற் கேளாத ஒன்றைச் செய்ய வரும் மாணவனுக்குக் கதவு திறந்திருப்பதையே.

நிற்க. வன்னிக்கு இஃது அந்நியமான கலையா? 1990 முதல் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் நிலவிய பொருளாதாரத் தடையிற் பெற்றோல் இல்லை, மின்கலம் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆயினும் மோட்டார்ச் சைக்கிள்கள் ஓடின. சில துளி பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பிச் சூடேற்றிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதைக் கராச்சுப் பையன்களும் அறிந்திருந்தனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலுக்குட் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கில் ஒரு தலைமுறை படித்துச் சோதனை எழுதியது. இவை எவருடைய கண்டுபிடிப்பு என்று எவரும் பெயர் சொல்வதில்லை.

அன்று அவற்றைச் செய்தவர்களுட் பலர் இன்றும் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வவுனியாவிலும் கராச்சுகளில் இருக்கக்கூடும். பட்டறை என்னும் சொல்லையே நாம் இப்பொழுது குளிரூட்டிய மண்டபத்திற் குறிப்பெடுக்கும் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம்! சுத்தியலும் சாவணமும் உள்ள பட்டறையிலிருந்து ஒருவரை, சான்றிதழ் கேளாமல், வேதனம் கொடுத்து, மாணவர் நடுவே வாரத்தில் இரண்டு மாலை இருத்த இயலுமாயின் அவர்க்குத் தெரிந்தவை அவரோடு மறையா. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவுக்கும் இது பொருந்தும்.

கூடத்திற்கு வேண்டியவை வேறும் சில உண்டு. மாலை ஐந்து மணிக்குப் பூட்டாத கதவு வேண்டும். இரும்புக்கும் சிமெந்துக்கும் மோட்டாருக்கும், பற்றுச்சீட்டுக் காட்டிப் பெறத்தக்க சிறு தொகை வேண்டும். தவறிய முன்மாதிரிகளை எறிந்துவிடாமல், எதனால் தவறிற்று என்று எழுதி ஒட்டிவைக்க ஓர் அலுமாரி வேண்டும். அடுத்த ஆண்டு வருபவர் அதே இடைவெளியில் அதே பருப்பை நொறுக்க வேண்டியதில்லை. பொறி ஓரளவு இயங்கத் தொடங்கியதும், விதைக்கச்சான் உடைக்கும் ஆச்சி ஒருவரை அழைத்துவந்து கைபிடியைச் சுழற்றச் சொல்ல வேண்டும். உயரம் சரியில்லை, தோள் நோகிறது என்று அவர் சொல்வாராயின் கூம்பைக் கழற்றி மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.