வண்டி பேட்டரி அடிக்கடி இறங்குவது ஏன்?

திங்கட்கிழமை காலை. ஓட்டல்களுக்குப் போக வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வேனில் ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. மூன்று மாத காலம் நமது கடை வேன் இப்படித்தான் நம்மைப் படுத்தியது. ரங்கப்பிள்ளை வீதியில் கடைப் பையன்கள் அதைத் தள்ளிக்கொண்டு போனதை அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள்.

"ராத்திரி விளக்கை அணைக்காமல் போயிருப்பே" என்று ஓட்டுநரைத்தான் கடிந்துகொண்டோம். "இல்லை முதலாளி, பார்த்துத்தான் பூட்டினேன்" என்றார். நாம் நம்பவில்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டோம். ஐந்தாவது வாரம் அதுவும் இறங்கியது. அதன் பிறகுதான் காரணத்தைத் தேடினோம்.

பேட்டரி மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெட்டி. 1859-ல் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரிதான், பல திருத்தங்களோடு, இன்றும் நம் வண்டிகளில் இருக்கிறது. நமது கல்லாவைப் போலவே இதற்கும் வரவு உண்டு, செலவு உண்டு. கையிருப்பு குறைந்தால் மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்.

முதலாவது, வரவு. மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் காலிக்குப் பக்கம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஏறவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ஆல்டர்னேட்டர் பழுதாகியிருக்கும். நமது வேன் 14.1 காட்டியது; பழுதில்லை. ஆனால் ஓட்டம் போதவில்லை. கடற்கரைச் சாலையிலிருந்து அண்ணா சாலை வரை இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. வீதிக்கு வீதி நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தால், செலவான மின்சாரம் திரும்ப ஏறுவதற்குள் அடுத்த கடை வந்துவிடுகிறது.

இரண்டாவது, இணைப்பு. நம் ஊர் உப்புக்காற்றில் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். அதனால் மின்சாரம் ஏறுவதும் தடைப்படும், இறங்குவதும் தடைப்படும். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துத் துலக்கி, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். கழற்றும்போது நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றக்கூடியது.

மூன்றாவது, கசிவு. நம்மைப் படுத்தியது இதுதான். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துச் சிறிது நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். அப்போது சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டர் போய்விடும். பெரும்பாலான வண்டிகளில் 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. நமது வேன் 0.4 காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எதை எடுத்தபோது அளவு இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு. எல்லாவற்றையும் எடுத்தும் நமக்கு இறங்கவில்லை.

ஃபியூஸ் வழியாகப் போகாத ஒயர் ஒன்று இருக்க வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன். தேடிப் பார்த்தால், சரக்குப் பெட்டிக்குள் நாமே பொருத்திய சிறு விளக்கு! நேராக பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருந்தோம். கதவை மூடினால் அணைய வேண்டிய சுவிட்ச் சிக்கிக்கொண்டதால், பூட்டிய பெட்டிக்குள் அது இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறக்கும்போது எரிவது இயல்புதானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சனிக்கிழமை இரவு நிறுத்தினால் திங்கள் காலை வரை 36 மணி நேரம். மணிக்கு 0.4 என்றால் 14 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். ஏற்கெனவே பாதியில் நிற்கும் 40 ஆம்பியர்-மணி பேட்டரி எப்படித் தாங்கும்?

சுவிட்சை மாற்றி, ஒயருக்கு ஒரு ஃபியூஸும் போட்டோம். வாரம் ஒருமுறை பாகூர்ப் பக்கம் போகும் சரக்கை இந்த வேனிலேயே அனுப்புகிறோம்; நிற்காமல் ஓடினால் நன்றாக சார்ஜ் ஏறுகிறது. அதன் பின் தள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. முழுதாக இறங்கவிட்டு இறங்கவிட்டு ஏற்றினால் பேட்டரியின் ஆயுளும் குறையும். ஆகவே இரண்டாம் முறை இறங்கும்போதே காரணத்தைத் தேடிவிடுவது லாபம்.

ஓட்டுநரிடம் நம் தவறை ஒப்புக்கொண்டோம். கல்லாவில் பணம் குறைந்தால் கணக்கைப் பார்த்த பிறகே ஆளைக் கேட்பவர்கள் நாம். வண்டி விஷயத்திலும் அதே முறை வேண்டும். புது பேட்டரி வாங்கும் முன், ஓட்டுநரைக் குறை சொல்லும் முன், ஒருமுறை மீட்டரை வைத்துப் பாருங்கள்.