பிழை பார்க்கும் கண் நமக்கும் உண்டு!

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று நம் தோட்டங்களில் அடிக்கடி சொல்லுவார்கள். தோட்டம் கைமாறி, வேலை போய், நாற்பது நாற்பத்தைந்து வயதில் தாமான் வீட்டுக்குக் குடிவந்தவர்கள் வாயில் இது இன்னும் அதிகமாக வரும். “உளி பிடிச்ச கைங்க இது. இனிமே புதுசா என்னத்தைக் கத்துக்கிறது?” என்று கேட்பார்கள்.

கற்றுக்கொள்ளலாம் தோழர்களே! இந்த வாரம் அப்படி ஒரு வேலையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அதுதான் பிழை திருத்தும் வேலை. அச்சகத்தில் ‘புரூப் பார்ப்பது’ என்பார்கள். பத்திரிகை அலுவலகத்தில் துணையாசிரியர் என்று மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். எழுதியவர் விட்ட பிழையை, அச்சாகி ஊருக்குப் போகுமுன் பிடித்து நிறுத்துகிறவர் இவர்தான். பெயர் எங்கேயும் வராது. பிழை தப்பிப் போனால்தான் இவர் ஞாபகமே மற்றவர்களுக்கு வரும்.

வேலையா, வேலா?

ஓர் எழுத்தில் என்ன போய்விடும் என்று கேட்கிறீர்களா? “வேலை கொடு” என்று எழுதினால் நாம் கேட்பது வேலை. நடுவில் ஒரு ‘க்’ சேர்த்து “வேலைக் கொடு” என்று எழுதிவிட்டால், முருகன் கையில் இருக்கிற வேலைக் கேட்கிறோம் என்று அர்த்தம்! தைப்பூசத்துக்குச் சரி, சம்பளப் பேச்சுவார்த்தைக்குச் சரியாகுமா?

‘வேலை நீக்கம்’ என்றால் முதலாளி நம்மை அனுப்புவது. ‘வேலை நிறுத்தம்’ என்றால் நாமே கருவியைக் கீழே வைப்பது. இரண்டும் ஒன்று போலக் கண்ணில் படும். அறிக்கையில் மாறிவிட்டால் என்ன கலவரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பால் வண்டி ஓட்டிய பெண்மணி

அமெரிக்காவில் மேரி நோரிஸ் என்று ஓர் அம்மையார் இருக்கிறார். கிளீவ்லண்ட் நகரில் பிறந்தவர். பதினைந்து வயதில் அவர் பார்த்த முதல் வேலை என்ன தெரியுமா? பொது நீச்சல் குளத்துக்கு வருகிறவர்களின் பாதத்தில் படை இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடுவது! பிறகு பால் வண்டி ஓட்டினார். சீஸ் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டினார். பட்டம் படித்தவர்தான். ஆனாலும் வயிற்றுப்பாட்டுக்குக் கிடைத்த வேலையைச் செய்தார்.

1978-இல் ‘நியூயார்க்கர்’ என்ற பெயர்பெற்ற வார இதழில், நூலகப் பகுதியில் ஒரு சின்ன வேலைக்குச் சேர்ந்தார். ஒரு சமயம் சாப்பாட்டுச் சாமான்களைப் பற்றிய கட்டுரை அச்சுக்குத் தயாராக இருந்தது. ஆங்கிலத்தில் மாவுக்கும் பூவுக்கும் உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. மாவு என்று வர வேண்டிய இடத்தில் பூ என்று இருந்தது. எழுதியவர், ஆசிரியர், பிழை திருத்துபவர் எல்லோர் கண்ணுக்கும் தப்பியது, இவர் கண்ணில் பட்டுவிட்டது. அவருக்கு நன்றி தெரிவித்தார்கள். அந்தத் தொழில் தனக்கு உரியது என்ற நம்பிக்கை அப்படித்தான் வளர்ந்தது. படிப்படியாக ஏறி, 1993-இல், நாற்பதைத் தாண்டிய வயதில், பக்கத்தைக் கடைசியாகப் பார்த்து ‘சரி, அச்சடிக்கலாம்’ என்று விடும் பொறுப்புக்கு வந்தார். 2015-இல் தம் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

காற்புள்ளியால் கிடைத்த ஓவர்டைம்

அதே நாட்டில், மேய்ன் மாநிலத்தில், இன்னொரு கதை. இதுவும் பால் வண்டிக் கதைதான். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள், தங்களுக்கு ஓவர்டைம் சம்பளம் தரவில்லை என்று 2014-இல் வழக்குப் போட்டார்கள். உணவுப் பொருள்களைப் பதப்படுத்துவது, சேமித்து வைப்பது என்று சில வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டம் சொன்னது. அந்தப் பட்டியலின் கடைசியில் “அனுப்புவதற்கு அல்லது விநியோகத்துக்குப் பொட்டலம் கட்டுதல்” என்று படிக்கலாம். “அனுப்புவதற்குப் பொட்டலம் கட்டுதல், விநியோகம்” என்று இரண்டு வேலையாகவும் படிக்கலாம். காரணம், நடுவில் ஒரு காற்புள்ளி இல்லை!

“நாங்கள் பொட்டலம் கட்டவில்லை, வண்டி ஓட்டுகிறோம், அதனால் அந்த விலக்கு எங்களுக்குப் பொருந்தாது” என்றார்கள் ஓட்டுநர்கள். முதல் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2017 மார்ச்சில் மேல் நீதிமன்றம், வாசகம் இரண்டு பொருள் தருவதால் அதைத் தொழிலாளிக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும் என்றது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. மாநில அரசு சட்ட வாசகத்தையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

22-ஆ, 12-ஆ?

அமெரிக்கா எதற்கு? நம் ஊருக்கே வருவோம். சங்க வேலையாகச் சுற்றும்போது எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருக்கிறார். ஆறாம் வகுப்பு வரை தோட்டப் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு பால்மரம்தான். சில ஆண்டுகளுக்கு முன் அவர் இருந்த தோட்டத்தில் ஆள்குறைப்பு நடந்தது. கடிதங்கள் மலாயில் வந்தன. அக்காவுக்கு மலாய் அரைகுறைதான். ஆனாலும் லயத்தில் இருந்த அத்தனை பேருடைய கடிதத்தையும் வாங்கி, பெயர், அடையாள அட்டை எண், வேலைக்குச் சேர்ந்த தேதி என்று விரல் வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் கடிதத்தில் 22 வருட சேவை, 12 என்று அடிக்கப்பட்டிருந்தது.

“தம்பி, எழுத்து தெரியாட்டியும் இலக்கம் தெரியும்ல? அவரு பொண்ணு பொறக்கிறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு வந்தவராச்சே!” என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஓராண்டுக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 22 வருடத்துக்கு 440 நாள் சம்பளம். 12 வருடத்துக்கு 240 நாள். ஓர் இலக்கம் மாறியதில் 200 நாள் சம்பளம் போயிருக்கும்! கிராணி செக்ரோலைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார்.

அதே அக்கா, பட்டணத்துக்குக் குடிவந்த பிறகு ஒரு நோட்டீசைப் பார்த்தார். ‘குறை கேட்கும் கூட்டம்’ என்பது ‘குரை கேட்கும் கூட்டம்’ என்று அச்சாகியிருந்தது. நேராக அச்சகத்துக்கே போய், “ஐயா, நாங்க என்ன நாய்ங்களா?” என்று கேட்டுவிட்டார். அச்சகக்காரர் முதலில் முகம் சுளித்தார்; பிறகு சிரித்தார்; அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்து, “பாத்துக் கொடுங்கம்மா” என்றார். இப்போது கோயில் மலர், பத்திரிகை, நோட்டீசு எல்லாம் அக்கா பார்த்துவிட்டுத்தான் மெஷினுக்குப் போகிறது. வயது ஐம்பத்தொன்று.

எப்படிப் பழகுவது?

வரிக்குக் கீழே ஓர் அடிக்கோலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வாய்விட்டுப் படித்தால் விட்டுப்போன சொல் தானாகத் தெரியும். அசலை ஒருவர் வாசிக்க, அச்சை மற்றவர் பார்ப்பது இன்னும் நல்லது. வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பெயர், தேதி, இலக்கம் மூன்றையும் தனியாக இன்னொரு தரம் பாருங்கள். சந்தேகம் வந்தால் அகராதியைத் திறக்கக் கூச்சப்படாதீர்கள். 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போன்றவை இதற்கென்றே இருக்கின்றன.

இன்னொன்று முக்கியம். பிழையைத் திருத்துவது வேறு, பிறர் எழுத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றுவது வேறு. பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மேலோட்டமாக வெட்டினால் பால் இறங்காது. ஆழமாக இறக்கினால் மரம் காயப்பட்டு, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று அறிந்த கைக்கு, எழுத்தில் எங்கே நிற்பது என்றும் பிடிபடும்.

இதில் பெரிய பணம் கொட்டும் என்று நான் ஆசை காட்டவில்லை. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுபோனது. அச்சகங்களும் முன்போல இல்லை. ஆனால் சம்பளம் தரும் வேலையாக இது அமையாவிட்டாலும், ஒவ்வொரு தாமானிலும், ஒவ்வொரு லயத்திலும் இப்படி ஒரு கண் வேண்டும். மனு போகுமுன், ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுமுன், நோட்டீசு ஒட்டுமுன் பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம். அடுத்த சம்பளச் சீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஐம்பதிலும் வளையலாம் தோழர்களே. பிழையைக் கண்டால் மட்டும் வளைந்து கொடுக்காதீர்கள்!