ஓலை முடைதலும் தாய்மார் நட்பும்

இல்லறத்தின் பாரத்தைத் தாங்குகின்ற தாய்மாருக்கு ஓய்வு நேரம் என ஒன்று உண்டோவெனின், இல்லையென்பதே பெரும்பாலும் விடையாகும். வைகறையில் அடுப்பு மூட்டுவது முதல் இரவில் கதவடைப்பது வரை, ஒரு வேலை முடியுமுன் மற்றொன்று வந்து நிற்கின்றது. வயலுக்கோ பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ சென்று பொருளீட்டும் தாயாயின், அவள் சுமை இருமடங்காகின்றது. இத்தகையோரை நோக்கி, "கைத்தொழில் ஒன்று பயிலுங்கள், அயலாரோடு அளவளாவுங்கள், பிள்ளைகளோடு கூடி விளையாடுங்கள்" என்று புத்தி புகட்டுதல் எளிது. "இம்மூன்றுக்கும் நேரம் எங்கே?" என்று அவர்கள் கேட்பாராயின், நாம் யாது விடை கூறுவோம்?

மூன்றுக்கும் மூன்று நேரம் வேண்டுவதில்லை என்பதே நாம் கூறும் விடை. மூன்றையும் ஒரே திண்ணையில் ஒரே பொழுதில் நடத்தும் வழியொன்றைத் தென்பாண்டி நாட்டுத் தாய்மார் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பனையோலை முடைதலாகிய கைத்தொழிலே அவ்வழி. அஃது எவ்வாறு தொழிலும் நட்பும் மக்கட்பேணலும் ஒருங்கே ஆயிற்று என்பதையும், அதனை நாம் எங்ஙனம் இழந்து வருகின்றோம் என்பதையும் ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

தாய்க்கு ஏற்ற தொழில் எது?

1970-ஆம் ஆண்டில் ஜூடித் பிரௌன் என்னும் மானிடவியல் அறிஞர் சிறு கட்டுரையொன்று வெளியிட்டார். பல்வேறு சமுதாயங்களிலும் சில தொழில்கள் பெண்டிர் கையிலேயே பெரிதும் அமைந்திருப்பது ஏன் என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. உடல் வலிமையின் வேறுபாடு அதற்குப் போதிய காரணமன்று என்றும், குழந்தையைப் பேணுவதோடு ஒத்துப்போகுந் தொழில்களே அவ்வாறு அமைகின்றன என்றும் அவர் கூறினார். அத்தகைய தொழிலுக்கு அவர் கண்ட இயல்புகளை நான்காகத் தொகுக்கலாம். ஒன்று, இல்லத்தை விட்டு நெடுந்தூரம் செல்ல வேண்டாமை. இரண்டு, மனத்தை முழுவதும் அதிலேயே செலுத்த வேண்டாமை. மூன்று, அருகிலுள்ள குழந்தைக்கு அபாயம் இன்மை. நான்கு, இடையில் நிறுத்தவும் மீண்டும் எளிதில் தொடங்கவும் இயலுதல். பழங்காலத்து நூற்றலும் நெசவும் மாதர் தொழில்களாயிருந்தமைக்கும் இதனையே காரணமாகக் கொண்டு, எலிசபெத் வேலண்ட் பார்பர் என்பார் 1994-இல் ஒரு நூல் எழுதினார்.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் நாட்டுத் தொழில்கள் சிலவற்றை அளந்து பார்ப்போம். பனங்காட்டில் பதனீர் இறக்குங் காலத்தில், அதனைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெண்டிர் வேலை. கொதிக்கும் பாகின் அருகில் குழந்தை வரலாகாது. பதம் தப்புமுன் தாய் அவ்விடம் விட்டு அகலவும் ஆகாது. ஆகவே அது மிக்க பயனுடைய தொழிலாயினும் தாயைப் பிள்ளையினின்று பிரிப்பதாயுள்ளது. மார்த்தா மால்ட் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னல் அழகிற் சிறந்தது. அப்பக்கத்துப் பெண்கள் பலருக்குச் சொந்த வருவாயும் அளித்தது. ஆயினும் அதில் திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகள் பலவற்றை முறைப்படி மாற்றிவர வேண்டும். வெண்ணூலில் அழுக்குப் படலாகாது. தவழும் பிள்ளையுள்ள வீட்டில் இது கடினமே.

ஓலை முடைதலோ நான்கு இயல்புகளும் உடையது. திண்ணையே தொழிற்சாலை. கைக்குப் பழகிவிட்டால் கண்ணும் மனமும் வேண்டா. நெருப்பும் இல்லை, ஊசியும் இல்லை. பிள்ளை அழுதால் பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு எழலாம். ஒரு நாழிகை கழித்து வந்தாலும், ஒரு கிழமை கழித்து வந்தாலும், விட்ட இடத்திலேயே அது காத்திருக்கும்.

ஓலையின் பக்குவம்

பனையின் உச்சியில் விரியாமல் கூம்பி நிற்கும் இளவோலையே குருத்தோலை. முடைவதற்கு உரியது இதுவே. முற்றிய ஓலை கூரை வேய்தற்கும் வேலி அடைத்தற்கும் ஆகும். ஒரு பனை ஏறக்குறைய மாதம் ஓர் ஓலை வீதமே விடுமாதலின், வரும் குருத்தையெல்லாம் ஒன்றுவிடாது வெட்டினால் மரம் நலியும். இதனை அறிந்த பனையேறி மரத்துக்கு மரம் மாறி அளவாகவே வெட்டுவான்.

வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் உலர்த்தினால் பசுமை நீங்கி வெளிர்நிறம் ஏறும். பின்னர் ஒவ்வோர் இலக்கின் நடுவிலும் உள்ள ஈர்க்கை நீக்கி, இருபுறத்து ஓலையையும் ஒரே அகலமுடைய கீற்றுகளாக வார்ந்துகொள்வர். கத்தி கையாளும் வேலை இஃது ஒன்றே. ஆதலின் பிள்ளை உறங்கும்போது இதனை முடித்துக்கொள்வது தாய்மார் வழக்கம். வண்ணம் வேண்டுமாயின் சாயமிட்ட நீரில் கீற்றுகளைக் கொதிக்கவைத்து நிழலில் உலர்த்துவர். முடையுமுன் நீர் தெளித்துச் சற்றே நனைத்துக்கொண்டால் ஓலை முறியாது வளையும்.

முடைதலின் அடிப்படை ஒன்று மேல், ஒன்று கீழ் என்பதே. கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து முதலில் அடியை அமைப்பர். அடிக்கு எத்தனை கீற்றுகள் வைக்கின்றோமோ, அதற்கேற்பப் பெட்டி பெரிதாகவோ சிறிதாகவோ அமையும். பின்பு மூலைகளை மடக்கி மேலே எழுப்ப, அடி சதுரமாயும் வாய் வட்டமாயும் உள்ள கொட்டான் உருவாகும். விளிம்பில் ஈர்க்கு வைத்துப் பனைநாரால் பொத்திவிட்டால் வேலை முடிந்தது. சிறு கொட்டான், மூடியுள்ள பெட்டி, பாரம் தாங்கும் கடகம், தானியம் புடைக்கும் சுளகு, விசிறி, பாய் என இவ்வாறு பிறப்பன பல. யாழ்ப்பாணத்திலும் இத்தொழில் இன்றும் உண்டு. செட்டிநாட்டில் வண்ண ஓலையால் முடைந்து மணிகளும் நூற்பின்னலும் கொண்டு அணிசெய்த கொட்டான்கள் மணவினைகளில் சிறப்பிடம் பெற்றன.

கையும் வாயும்

இனி, இத்தொழில் நட்பை வளர்க்கும் வகையைக் காண்போம். ஒருவர் மற்றொருவர் வீட்டுக்குச் செல்ல ஒரு காரணம் வேண்டும். காரணமின்றிச் சென்றால், "வேலையற்று ஊர் சுற்றுகின்றாள்" என்னும் பழி பெண்ணுக்கு எளிதில் வந்துவிடுகிறது. இடுப்பில் ஓலைக்கட்டோடு செல்பவளை அவ்வாறு கூறுவார் இலர். நண்பகலுக்குப் பின் நாலைந்து பெண்கள் ஒரு திண்ணையில் கூடினால், கை ஓலையில் இருக்கும், வாய் ஓய்ந்திருக்கும். ஆகவே பேசலாம், பேசாதும் இருக்கலாம். வெறுங்கையோடு இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசாதிருப்பின் அது பகைபோலத் தோன்றும். ஓலையோடு அமர்ந்து பேசாதிருப்பின் அது வேலை எனப்படும். துன்பமுற்றோருக்கு இஃது எத்துணை ஆறுதல்!

எம் இளமையில் எம் வீட்டுத் திண்ணையில் இவ்வாறு கூடியவருள் எம் தாயார் "மதினி" என்றழைக்கும் அயல்வீட்டு அம்மையார் ஒருவர். அவர் கணவர் இறந்தபின் பல மாதம் எவரோடும் பேசினாரல்லர். ஒருநாள் தாமே வந்து திண்ணையின் ஓரத்தில் அமர்ந்தார். எம் தாயார் நலம் விசாரிக்கவில்லை. ஆறுதல் மொழியும் கூறவில்லை. "மதினி, இந்த மூலையைக் கொஞ்சம் பிடியுங்கள்" என்று பாதி முடைந்த பெட்டியை நீட்டினார். அவர் பிடித்தார். அன்று முதல் நாள்தோறும் வந்தார். கார்த்திகை வருவதற்குள் மற்றவர் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கவும் தொடங்கினார்.

பிள்ளைகளின் பங்கு

குடும்பத்தில் எவ்வயதினருக்கும் இத்தொழிலில் இடமுண்டு. நாலு வயதுப் பிள்ளை கீற்றுகளை நீளம் பார்த்து அடுக்கும், நீர் தெளிக்கும். ஆறேழு வயதில் காற்றாடி செய்து முள்ளிற் குத்தி ஓடும். விதைகளை உள்ளே இட்டுக் கிலுகிலுப்பை முடையும். பத்து வயதில் கொட்டானின் அடியைத் தானே தொடங்கும். கண் மங்கிய ஆச்சியும் விரல் தடவியே விளிம்பு பொத்துவார். ஒன்று மேல் ஒன்று கீழ் என்னும் முறையில் ஓரிடம் தவறினால் நாலு வரி கழித்து அது தானே வெளிப்படும். பிரித்துத் திருத்தினாலன்றி மேலே செல்ல முடியாது. பொறுமையையும் எண்ணையும் இவ்வளவு மென்மையாகக் கற்பிக்கும் ஆசிரியர் அரியர்.

விழாக்களிலும் ஓலை குடும்பத்தைக் கூட்டுவிக்கின்றது. திருக்கார்த்திகையன்று தென்மாவட்டங்களில் மாவைக் குருத்தோலைக்குள் பொதிந்து ஓலைக் கொழுக்கட்டை அவிக்கின்றனர். ஓலை கிழிப்பார் ஒருவர், மாவு வைப்பார் ஒருவர், கட்டுவார் ஒருவர். குருத்தோலை ஞாயிற்றில் சிறுவர்கள் கையிலுள்ள ஓலையைச் சிலுவையாக மடிக்கக் கற்பது பெரும்பாலும் தாயின் அருகிலேயாம்.

எம் பிழை

எமது பிழை ஒன்றையும் ஈண்டு மறையாது கூறவேண்டும். நாம் கல்லூரியிற் பயின்ற காலத்தில், விடுமுறைக்கு ஊர் சென்றபோது, நெகிழிக் கூடைகள் இரண்டு வாங்கிச் சென்றோம். "அம்மா, இனி இந்த ஓலையைக் கட்டிக்கொண்டு ஏன் வருந்த வேண்டும்? இவை பத்து வருஷம் உழைக்கும்" என்று பெருமையோடு கூறினோம். தாயார் மறுமொழி கூறவில்லை. மகன் சொல்லை மதித்தார். சில மாதங்களில் ஓலைக்கட்டு பரணில் ஏறியது. மற்ற வீடுகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அடுத்த விடுமுறையில் திண்ணை வெறுமையாயிருந்தது. "மதினி எங்கே?" என்று கேட்டோம். "அவர் எதற்கு வருவார்? இங்கே என்ன வேலை இருக்கிறது?" என்றார் தாயார். தாயாரின் வேலையைக் குறைத்ததாக நாம் எண்ணியிருந்தோம். குறைத்தது அவர்தம் தோழியரை என்பது அன்றுதான் விளங்கிற்று.

ஓர் எச்சரிக்கை

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பொருள்களுக்கு 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டபின், ஓலைப்பெட்டிக்கு மீண்டும் மதிப்பு ஏற்பட்டுள்ளது. செட்டிநாட்டில் விசாலாட்சி இராமசாமி அம்மையார் தொடங்கிய பண்பாட்டு நிறுவனம், மறையத் தொடங்கியிருந்த கொட்டான் தொழிலைக் கிராமப் பெண்களுக்குப் பயிற்றி உயிர்ப்பித்தது. இவை மகிழத்தக்கன. ஆயினும், இன்ன தேதிக்குள் இத்தனை நூறு பெட்டிகள் என்று தவணை குறித்து வேலை வாங்கப்படுமாயின், இடையில் நிறுத்தலாம் என்னும் முதன்மையான நலம் போய்விடுகின்றது. அப்பொழுது பிள்ளை அழுகை இடையூறாகின்றது. தோழியின் பேச்சு நஷ்டமாகின்றது. தொழிலால் வாழ்வோருக்கு நியாயமான கூலியும் போதிய தவணையும் கிடைக்க வேண்டும். வீட்டளவில் செய்வோரோ அதனை மற்றொரு கடமையாக ஆக்கிக்கொள்ளலாகாது.

பட்டணத்துத் தாய்மார் இதனைப் பின்பற்ற விரும்பின், சில எளிய விதிகள் போதும். கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில், ஒரே மணியில் கூடுக. நாலைந்து குடும்பங்களுக்கு மேற்படாதிருக்கட்டும். வீட்டுக்காரிக்குச் சுமையாகாதபடி, தண்ணீரன்றி வேறு உபசாரம் வேண்டாமென முதலிலேயே பேசிக்கொள்க. பிள்ளைகளை உடன் அழைத்து வருக. ஓலை கிடையாத இடத்தில் பழைய காகிதக் கீற்றோ ஒயரோ கந்தைத் துணியோ கொண்டும் இம்முடைதலைச் செய்யலாம். எல்லாவற்றினும் முக்கியமானது, அவ்வொரு மணி நேரம் அடுப்பையும் வீட்டையும் ஆடவர் ஏற்றல். இஃது இல்லையேல் மற்ற விதிகளெல்லாம் வீண்.

முடிவாக, மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். விடுமுறையில் வீடு செல்லும்போது, தாயாரின் சுமையைக் குறைக்கும் பொருளொன்றை வாங்கிச் செல்ல விரும்புவீர்கள், நன்று. வாங்குமுன், அவர் கையில் இப்பொழுதுள்ள வேலை எது, அவ்வேலையைச் சுற்றி அமர்வோர் யாவர் என்று ஒருமுறை பாருங்கள். குறைக்க வேண்டிய வேலையாயின் குறையுங்கள். கூடி அமரும் வேலையாயின், பொருளொன்றும் வாங்க வேண்டா. அருகில் அமர்ந்து மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளையின் விரலும் ஓலையில் படியும். நாம் காலந்தாழ்த்தியே கற்றோம். எம் விளிம்பு இன்னும் கோணலாகவே வருகின்றது. ஆயினும் பரணிலிருந்த ஓலைக்கத்தி இறங்கிவிட்டது. மதினியின் பேத்திக்கு நாம் முடைந்து கொடுத்த கிலுகிலுப்பை நன்றாகவே ஒலிக்கின்றது.