தலைப்பு எண்களின் தடுமாற்றம்

ஆய்வேட்டில் நான்காம் இயல் என்று வரவேண்டியது, மீண்டும் 1 என்று தலைகாட்டும். அல்லது இயல் நான்காயிருக்க, உட்தலைப்பு 3.6 என்று முந்திய இயலின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். ஏப்ரல் பிறந்தால் விடுதியெங்கும் இந்தப் புலம்பல்தான். வேர்டு செயலியைப் பழிக்குமுன் அது எண்ணும் முறையை அறிவது நலம்.

நாம் காணும் 4.2 அந்த வரியில் எழுத்தாக இருப்பதில்லை. டாக்ஸ் கோப்பு என்பது பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. அதில் உரை ஓரிடத்திலும், எண் விதிகள் வேறோரிடத்திலும் உள்ளன. தலைப்பு வரியானது தான் எந்தப் பட்டியலில் எத்தனையாம் படி என்று மட்டுமே சொல்லும். எண்ணுவது பட்டியலின் வேலை.

இது விளங்கினால் நோயும் விளங்கும். வேறு கோப்பிலிருந்து ஓர் இயலை ஒட்டும்போது அதன் பட்டியலும் கூடவே வரக்கூடும். பிறகு ஒரே தோற்றமுள்ள இரு பட்டியல்கள் தனித்தனியே எண்ணத் தொடங்கும். 3.6 கோளாறோ வேறு. "இயல் 4" என்பதைக் கையால் தட்டித் தடிப்பாக்கியிருப்பார்கள். கண்ணுக்கு அது தலைப்பு, செயலிக்கு வெறும் வரி. படம் 4.1 என்பது 3இல் தொடங்குவதும் இதனால்தான்.

சென்ற ஆண்டு மூத்த மாணவர் ஒருவர், "தம்பி, இரண்டே நாள் இருக்கிறது; எண்களைக் கையாலேயே போட்டுவிடட்டுமா?" என்றார். "வேண்டாம் அண்ணா" என்றேன். உரை நடுவே "பகுதி 4.3 காண்க" என்பன போன்ற குறிப்புகள் எத்தனையோ! ஒரு பகுதியை நகர்த்தினால் அத்தனையும் பொய்யாகும், தேர்வாளர் 4.3ஐத் தேடி வேறெதையோ படிப்பார்.

ஒவ்வொரு தலைப்பிலும் கண்ட்ரோல் க்யூ அழுத்திக் கையால் இட்டவற்றைக் களைந்தோம். இயலுக்கு ஹெடிங் 1, உட்தலைப்புக்கு ஹெடிங் 2 என்று பாணி கொடுத்து, தட்டிய எண்களை அழித்தோம். பின்னர் முதல் இயலின் தலைப்பில் நின்று, மல்டிலெவல் லிஸ்ட் பொத்தான் வழியே புதிய பட்டியல் வரையறுத்து, ஒவ்வொரு படியையும் அதற்குரிய ஹெடிங்குடன் பிணைத்தோம். பிணைக்கும் கட்டம் "மோர்" பொத்தானை அழுத்தினால்தான் தெரியும். பலர் அதைக் காணாமலே திரும்பிவிடுகிறார்கள். வலச்சொடுக்கில் வரும் "ரீஸ்டார்ட் அட் 1" என்ற குறுக்குவழி எனக்குப் பிடிப்பதில்லை; அது ஒரு தலைப்பைத் திருத்தி, இன்னொரு குழப்பத்தைப் பெற்றெடுக்கும்.

குறிப்புகளைக் கிராஸ் ரெபரன்ஸ் வழியே மீண்டும் இட, ஓர் இரவு முழுதும் ஆயிற்று. விடியலில் கண்ட்ரோல் ஏ, பிறகு எப் 9. பொருளடக்கமும் குறிப்புகளும் ஒருசேரத் திருந்தின.

எண்ணுக்குப் பதில் கறுப்புப் பெட்டி தோன்றுவது தனி நோய். பெட்டியின் வலப்பக்கம் நின்று, அது சாம்பல் நிறமாகும்வரை இடது அம்புக்குறியை அழுத்துக. பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்தழுத்தி, "ரீஅப்ளை" கொடுக்க.