ஃபேர்லேண்ட்ஸ் கொசு!

சேலத்திலே ஃபேர்லேண்ட்ஸ் என்றொரு பகுதி. பெயரிலேயே பெருமை பேசும் பகுதி! அகன்ற தெரு, அடுக்கு மாடி, வாசலிலே கார், மாடத்திலே பூந்தொட்டி. இத்தகைய இடங்களிலே காய்ச்சல் கண்டால் உடனே கிளம்புகிறது ஒரு பேச்சு: “அழுக்குத் தெருக்காரர்கள் கொண்டு வந்துவிட்டார்கள்!” அம்மாபேட்டையைக் காட்டுவார்கள், குகையைக் காட்டுவார்கள். தறி ஓசை கேட்கிற தெருவெல்லாம் நோய் பிறந்த தெரு என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

தீர்ப்பு இருக்கட்டும், தோழர்களே! வழக்கை விசாரிப்போம்.

2017-ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சல் தமிழகத்தை ஆட்டிப் படைத்தது. 20,000 பேருக்கு மேல் அதன் பிடியில் சிக்கினர். சேலம் மாவட்டமும் தப்பவில்லை. அந்த நோயைச் சுமக்கும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடி ஓடுவதில்லை. அதற்கு வேண்டியது நல்ல தண்ணீர்! சிமெண்டுத் தொட்டி, மூடாத டிரம், கொல்லையிலே கிடக்கும் கொட்டாங்குச்சி, பழைய டயர் — இவை ஏழையின் வீட்டிலே. பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு — இவை சீமான் வீட்டிலே. இரண்டிலும் அது வேற்றுமை பாராட்டாமல் முட்டையிடுகிறது. சமத்துவம் பேசும் கொசு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நெடுந்தூரம் பறக்கிற கொசு அல்ல. பிறந்த வீட்டையும் பக்கத்து வீடுகளையும் சுற்றியே திரிவது. அம்மாபேட்டையிலே பிறந்து, ஐந்து ரோட்டைக் கடந்து, ஃபேர்லேண்ட்ஸ் மாளிகைக்கு விருந்து வருவதில்லை. அங்கே கடிக்கும் கொசு அங்கேயே பிறந்த கொசு! அதுவும் பகலிலே கடிப்பது. பகலிலே அந்த வீட்டிலே யார் இருக்கிறார்கள்? பாத்திரம் தேய்க்கவும் தோட்டம் பார்க்கவும் போன நம் வீட்டுத் தாய்மார்கள்! கடியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். பழியைச் சுமக்கிறவர்களும் அவர்களே.

ஆனால் மாடிக்காரரைச் சாடிவிட்டு, நம் வீட்டு டிரம்மை மூடாமல் விடுவது முறையா? சிவதாபுரத்திலே கொலுசு செய்யும் தோழருக்கு ஒரு வாரம் காய்ச்சல் என்றால் ஒரு வாரக் கூலி போயிற்று. மளிகைக்கடைக் கடன் ஏறிற்று. பிள்ளையின் பள்ளிச் செலவிலே அது விடிகிறது.

‘மடி’ என்றும் ‘ஆசாரம்’ என்றும் தூய்மைக்குப் பெயர் சூட்டி, மனிதனைத் தொடாதே என்று மட்டும் கற்றுக் கொடுத்த நாடு இது. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டால் தீட்டுப் போகலாம், கிருமி போகுமா? 1847-இல் வியன்னா நகரத்து மருத்துவர் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்குமுன் குளோரின் கலந்த நீரில் கை கழுவுங்கள் என்று சக மருத்துவர்களுக்கு உத்தரவிட்டார். 100 தாய்மாருக்கு 18 பேர் வரை செத்துக்கொண்டிருந்த கூடத்திலே, சில மாதங்களில் சாவு இரண்டாகக் குறைந்தது. பெரிய மருத்துவர்கள் நன்றி சொன்னார்களா? எங்கள் கை அழுக்கா என்று சீறினார்கள்! 1865-இல் மனநோய் விடுதியிலே மாண்டார் அந்த மனிதர். படித்தவர்களின் ஆணவமும் ஒரு மூடநம்பிக்கைதான்.

அம்மை கண்டால் ‘ஆத்தா வந்திருக்கிறாள்’ என்று வேப்பிலை கட்டிக் கைகூப்பினோம். 1796-இல் ஜென்னர் கண்ட அம்மைக்குத்து வீடு வீடாக வந்தது. 1980-இல் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆத்தாவா கோபித்துக்கொண்டு போனாள்? விரட்டியது விஞ்ஞானம்!

பிளேக் பரவியபோது ஈரோட்டிலே பிணம் சுமந்தவர் பெரியார்; நகராட்சித் தலைவராக இருந்து குடிநீருக்குப் பாடுபட்டவர். 1944-இல் இதே சேலத்திலேதான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. அந்த வழியிலே வந்த நாம் தண்ணீரைச் சில்லறை விஷயம் என்று தள்ள முடியாது. குழாயிலே நாள்தோறும் தண்ணீர் வந்தால் எவன் டிரம்மில் பிடித்து வைக்கப் போகிறான்? அதை மாநகராட்சியிடம் கேட்போம், உரத்த குரலிலே கேட்போம். கேட்டுக்கொண்டே டிரம்மையும் தேய்ப்போம்.

தேய்ப்பது என்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பதல்ல. முட்டை உட்சுவரிலே ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் மாதக் கணக்கில் சாகாது. நாரைப் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும், பிறகு துணியால் இறுகக் கட்ட வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே ஞாயிறுதோறும் இந்த வேலை. கிளைத் தோழர்கள் கொடிக்கம்பத்தடியிலே கூடும்போது, தெருவிலுள்ள டயர், கொட்டாங்குச்சிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவரலாம். சாப்பிடுமுன்னும் மலம் கழித்தபின்னும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வயிற்றுப்போக்கு பெருமளவு குறையும்.

காய்ச்சல் கண்டால் கடையிலே வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். டெங்குவிலே சில மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். அரசு மருத்துவமனைக்குப் போய் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் உடம்பு குளிர்ந்ததும், “விட்டுவிட்டது” என்று தறியிலே போய் உட்காருகிறார்களே, அதுதான் நமக்குக் கவலை. டெங்குவிலே ஆபத்து, காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலே இரத்தம் — இவற்றில் ஒன்று கண்டாலும் கூலியை மறந்து, வண்டி பிடித்து மருத்துவமனைக்கு ஓடுங்கள்.