பெரிய எஸ்யூவி வண்டியில் பிரேக் பேடும் டிஸ்க்கும் மாற்றுதல்

பிரேக் பேடு, டிஸ்க் மாற்றுதல் என்பது டிஸ்க் பிரேக் கொண்ட வாகனங்களில் தேய்ந்துபோன உராய்வுப் பாகங்களைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தும் பராமரிப்புப் பணி ஆகும். சரியான கருவிகளும் சமதளமான இடமும் பொறுமையும் இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். ஆயினும் எண்ணெய் மாற்றுவது போலவோ ஏர் ஃபில்டர் மாற்றுவது போலவோ இதைக் கருத முடியாது. அவற்றில் நேரும் தவறு வண்டியை நிறுத்தும். இதில் நேரும் தவறு வண்டியை நிற்கவிடாது. ஆகவே கழற்றி மாட்டும் வேலையைவிட, அதற்கு முன் அளப்பதும் அதற்குப் பின் சோதிப்பதுமே இப்பணியின் முக்கியப் பகுதிகள்.

இக்கட்டுரை கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

செயல்படும் விதம்

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு டிஸ்க் எனப்படும். ரோட்டார் என்றும் சொல்வர். அதன் இருபுறமும் இரண்டு பேடுகள் உள்ளன. பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பேடுகள் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கின்றன. வண்டியின் இயக்க ஆற்றல் உராய்வினால் வெப்பமாக மாறிக் காற்றில் கலக்கிறது.

பெரிய வண்டியில் இந்த வெப்பம் மிக அதிகம். 2,200 கிலோ எடையுள்ள எஸ்யூவி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 850 கிலோஜூல். சாதாரணத் தண்ணீர் இரண்டரை லிட்டருக்கு மேல் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். அதே வேகத்தில் செல்லும் 900 கிலோ சிறிய காருக்கு இது ஏறத்தாழ 350 கிலோஜூல் மட்டுமே. வேகம் பாதியானால் ஆற்றல் நான்கில் ஒன்றாகும்.

பிரேக் போடும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன் சக்கரங்களே செய்கின்றன. 10 கிலோ எடையுள்ள ஒரு முன் டிஸ்க், மேற்சொன்ன வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போதே சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூடேறும். இதனால்தான் முன் டிஸ்க்குகள் இரண்டு தட்டுகளுக்கு இடையே காற்று புகும்படி வார்க்கப்படுகின்றன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ ஏற்காட்டின் 20 வளைவுகளிலோ இறங்கும்போது வெப்பம் ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. தேய்ந்து மெலிந்த டிஸ்க் வெப்பத்தைத் தாங்கும் திறன் குறைந்தது. அது விரைவாகச் சூடேறி, பேடின் பிடிப்பையும் குறைக்கும்.

தமிழகமும் பிரேக் தொழிலும்

இந்திய வாகனங்களின் பிரேக் பாகங்களில் கணிசமான பங்கு தமிழகத்தில் தயாராகிறது. சென்னை பாடியைச் சேர்ந்த பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ரானே பிரேக் லைனிங் 1964இலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இலும் தோன்றின. எனவே தரமான பேடுகளுக்காக நெய்வேலிக்காரர் வெகுதொலைவு தேட வேண்டியதில்லை. பெயர் பெற்ற நிறுவனங்களின் அட்டைப் பெட்டியைப் போலவே அச்சிட்ட போலிகளும் சந்தையில் உண்டு என்பதால், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குவது நல்லது.

சில பேடுகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வு எண்ணையும், இரண்டாவது எழுத்து மிகுந்த வெப்பத்தில் உள்ள உராய்வு எண்ணையும் குறிக்கும். ‘ஈ’ என்பது 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்பது 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்பது 0.45 முதல் 0.55 வரை. கனமான வண்டிக்கு இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடத் தாழ்ந்திருப்பது நல்லதன்று. எனினும் வண்டித் தயாரிப்பாளர் பரிந்துரைத்த பேடைவிட அதிகப் பிடிப்புள்ளதைத் தேடிப் போடுவதும் தேவையற்றது.

நெய்வேலிச் சூழல்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. சுரங்கப் பணி 1957இல் ஆரம்பமானது. ஊழியர்களுக்காக அமைந்த நகரியம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அகன்ற சாலைகளும் தோட்டத்துடன் கூடிய குடியிருப்புகளும் கொண்டது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வேலை பார்க்க இடம் இருப்பது இங்கு வசதி. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது தூசி. பழுப்பு நிலக்கரியின் மேல் படிந்துள்ள கடலூர் மணற்பாறை கடினமானது. சுரங்க இயந்திரங்களின் பற்களையே தேய்க்கக் கூடியது. இத்தகைய மணல் துகள் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே சிக்கினால் டிஸ்க்கில் கோடு விழும். சுரங்கச் சாலைகளிலும் கிராமப்புற மண் சாலைகளிலும் அதிகம் ஓடும் வண்டியின் பேடுகளை அடிக்கடி பார்க்க வேண்டும்.

இரண்டாவது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் ஓரிரவு நின்ற வண்டியின் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். சில முறை பிரேக் போட்டால் அது போய்விடும். அதற்காக மாற்ற வேண்டியதில்லை. பல வாரங்கள் நின்ற வண்டியில் குழிகுழியாக அரித்த துருவே கவலைக்குரியது.

மூன்றாவது தரை. தோட்டத்து மண்ணில், அதிலும் மழைக்குப் பின், ஜாக்கி புதைந்து சாயும். இரண்டு டன் வண்டியின் கீழ் இது உயிராபத்து. சிமெண்ட் தளமே ஏற்றது. அது இல்லையெனில் இவ்வேலையை அங்கே செய்யாதிருப்பதே நல்லது.

எப்போது மாற்ற வேண்டும்

புதிய பேடின் உராய்வுப் பகுதி பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். பின்னாலுள்ள இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். உட்புறப் பேடு வெளிப்புறப் பேடைவிட வேகமாகத் தேய்வது வழக்கம். சக்கர இடைவெளி வழியே வெளிப்புறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிரேக் போடும்போது எழும் கிறீச்சொலி, தேய்மானத்தைக் காட்டும் தகட்டின் எச்சரிக்கையாக இருக்கலாம். இரும்பு இரும்போடு உரசும் கரகரப்பு வந்துவிட்டால் வண்டியை ஓட்டக் கூடாது.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, புதிதாக 28 மி.மீ. உள்ள டிஸ்க்குக்கு 26 மி.மீ. எல்லையாக இருக்கலாம். விளிம்பில் தேயாத மேடு இருப்பதால் சாதாரண வெர்னியர் தவறான அளவு காட்டும். மைக்ரோமீட்டரால் உள்ளே பல இடங்களில் அளக்க வேண்டும். லேத்தில் கடைந்து பயன்படுத்தும் வழக்கம் உண்டு. கடைந்த பிறகும் எல்லைக்கு மேலே தடிமன் இருந்தால் மட்டுமே அது ஏற்கத்தக்கது. விரிசல் கண்ட டிஸ்க்கைக் கடையக் கூடாது.

ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும்.

தேவையான பொருள்கள்

வண்டியின் எடைக்கு ஏற்ற ஜாக்கி, ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அடை கொடுக்கக் கட்டைகள், சாக்கெட் தொகுப்பு, டார்க் ரெஞ்ச், பிஸ்டனைத் தள்ள சி-கிளாம்பு, கம்பித் தூரிகை, பிரேக் கிளீனர், பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ், கெட்டிக் கம்பி, கையுறை, முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை வேண்டும். வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட வகை பிரேக் ஆயில், மூடி திறக்காத புட்டியாகக் கையில் இருக்கட்டும்.

செய்முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். முன் அச்சில் வேலை என்றால் கை பிரேக் போடலாம். பின் அச்சில் வேலை என்றால் விடுவித்திருக்க வேண்டும்.

2. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்தவும். பிறகு கையேடு காட்டும் இடத்தில் தூக்கி, சேசிஸுக்குக் கீழ் ஸ்டாண்டு வைத்து எடையை அதன்மீது இறக்கவும். வண்டியை ஆட்டிப் பார்த்து, அசையாவிட்டால் மட்டும் சக்கரத்தைக் கழற்றவும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. செங்கல்லையும் அடுக்கிய பலகையையும் நம்பக் கூடாது.

3. ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றவும். கிளிப் எப்படி இருந்தது என்ற ஐயம் வந்தால் மறுபக்கம் மாதிரியாக இருக்கும்.

4. பிரேக் தூசியைக் காற்றால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்கவும். பெட்ரோலும் டீசலும் இதற்கு உதவா.

5. காலிப்பர் போல்ட்டுகளைக் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிடவும். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸின் உட்பகுதி வெளியே தெரியாமல் பழுதாகும்.

6. பழைய பேடுகளையும், அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டையும் கழற்றவும். டிஸ்க் ஒட்டிக்கொண்டிருந்தால், அதில் திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்கவும். அவற்றில் போல்ட்டைச் சமமாகத் திருகினால் டிஸ்க் வெளியே தள்ளப்படும். ஏபிஎஸ் சென்சார் ஒயரில் அடி படாமல் பார்த்துக்கொள்ளவும்.

7. ஹப்பின் முகப்பைத் துரு போகும்வரை கம்பித் தூரிகையால் தேய்க்கவும். பெடல் அதிர்வதற்கு டிஸ்க் வளைந்ததே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். ஹப்பில் விட்டுவைத்த துருவால் புதிய டிஸ்க் மிகச் சிறிது கோணலாக உட்கார்ந்து, நாளடைவில் சீரற்றுத் தேய்வதும் அடிக்கடி காணப்படும் காரணமாகும்.

8. புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காதிருக்க எண்ணெய் பூசப்பட்டிருக்கும். இருபுறமும் பிரேக் கிளீனரால் கழுவியே மாட்டவும்.

9. பிரேக் ஆயில் தொட்டியின் மட்டத்தைப் பார்த்து, நிறைந்திருந்தால் சிறிது உறிஞ்சி எடுக்கவும். பிறகு பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளவும். பிரேக் ஆயில் சிந்தினால் பெயிண்டை அரிக்கும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவவும். சில பின் காலிப்பர்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே செலுத்த முடியும்.

10. காலிப்பர் நகரும் பின்களைத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் இடவும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பச் செய்து பின்னை இறுக்கிவிடும். பேடின் உராய்வுப் பரப்பில் எந்தக் கிரீஸும் படக் கூடாது.

11. பேடுகளை உள், வெளி மாறாமல் பொருத்தி, பிராக்கெட், காலிப்பர் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கவும். சக்கர நட்டுகளை நட்சத்திர வரிசையில் எதிரெதிராக இறுக்கவும்.

வண்டியை எடுக்கும் முன்

பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் பெடலை முதலில் மிதிக்கும்போது அது தரைவரை போகும். எஞ்சினை இயக்குவதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும்வரை பல முறை மெதுவாக மிதிக்க வேண்டும். இதை மறந்து வண்டியைப் பின்னெடுத்தால் சுற்றுச்சுவரோ, பின்னால் நிற்பவரோதான் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். வாசலில் குழந்தைகள் இல்லை என்று உறுதி செய்த பின், ஆயில் மட்டம் பார்த்து, நடக்கும் வேகத்தில் இரண்டு மூன்று முறை நிறுத்திப் பார்க்கவும். பெடல் மெத்தென்று இருந்தால் காற்று புகுந்திருக்கலாம். ஏர் எடுக்காமல் சாலைக்குச் செல்லக் கூடாது.

பழக்கப்படுத்துதல்

புதிய பேடு டிஸ்க்கின் மீது சீரான படலமாகப் படிந்த பிறகே முழுப் பிடிப்பு கிடைக்கும். பேடு நிறுவனம் தரும் முறையே முதன்மையானது. பொதுவாக மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை, மிதமான அழுத்தத்தில் எட்டு முதல் பத்து முறை குறைத்து, ஒவ்வொரு முறைக்கும் இடையே ஆறவிடுவர். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்கக் கூடாது.

நகரியத்துக்குள் பள்ளி நேரத்தையும் சுரங்கப் பணிமாற்ற நேரத்தையும் தவிர்த்து, ஆள் நடமாட்டமில்லாத காலை வேளையில் இதைச் செய்யலாம். புதிய பேடுடன் உடனே இரவில் நெடுஞ்சாலைக்குச் செல்வது தவறு. கரும்பு ஏற்றி, பின்விளக்கின்றி ஊர்ந்து செல்லும் டிராக்டர்கள் கடலூர் மாவட்டச் சாலைகளில் வழக்கமான காட்சி. முதல் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் சக்கர நட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாத நிலைகள்

பிஸ்டன் இறுகி உள்ளே போகாமை, ஆயில் கசிவு, ஹோஸில் வெடிப்பு, ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரிதல், பராமரிப்பு நிலைக்கு மாற்றும் வழி தெரியாத மின்னணு கை பிரேக் ஆகியவை இருந்தால் பணிமனைக்குச் செல்ல வேண்டும். முதல் முறை செய்பவர், அனுபவமுள்ள ஒருவரை உடன் வைத்துக்கொள்வது நல்லது. எல்லா எஸ்யூவி வண்டிகளிலும் பின்பக்கம் டிஸ்க் இருப்பதில்லை. பொலீரோ போன்றவற்றில் பின்பக்கம் டிரம் பிரேக் உள்ளது. அதற்கு இம்முறை பொருந்தாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் உரிய வரம்பு 155 டிகிரிதான். ஆகவே பல ஆண்டுகள் மாற்றாத ஆயிலைப் புதிய பேடுகளோடு சேர்த்து மாற்றிவிடுவது முறை.

பழைய பொருள்கள்

பழைய டிஸ்க் வார்ப்பிரும்பு என்பதால் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வர். பழைய பிரேக் ஆயிலைச் சாக்கடையிலோ தோட்டத்து மரத்தடியிலோ ஊற்றாமல், மூடிய புட்டியில் சேர்த்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பணிமனையில் கொடுக்க வேண்டும். மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், அளந்த டிஸ்க் தடிமன் ஆகியவற்றைக் குறித்து வைத்தால், அடுத்த முறை எப்போது பார்க்க வேண்டும் என்பதை அக்குறிப்பே சொல்லும்.